காசு போடாமல் கேட்ட குரல்

எங்கள் வீட்டில் பேய்க் கதை கிடையாது. பேயைப் பற்றிப் பேசுவதே அதற்கு இடம் கொடுப்பது என்று அம்மா சொல்வாள். அதற்குப் பதிலாக எங்களுக்கு இயேசுவின் வருகை இருந்தது. யாருக்கும் தெரியாத ஒரு நொடியில் எக்காளம் ஊதும். உண்மையான விசுவாசிகள் உடுத்தியிருந்த துணி அப்படியே தரையில் கிடக்க, மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். கைவிடப்பட்டவர்களுக்கு என்னென்ன நடக்கும் என்பதை எங்கள் பாஸ்டர் ஞாயிறுதோறும் சொல்லுவார். பேய்ப் படம் பார்க்கவே கூடாது என்று வளர்க்கப்பட்ட எனக்கு வாராவாரம் அதைவிடப் பெரிய படம் இலவசமாகக் கிடைத்தது.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சபை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால். சபைப் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், பொட்டு வைக்க மாட்டார்கள், குந்துமணித் தங்கம் போட மாட்டார்கள். என் காது குத்தப்படவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மூளிக் காது' என்று பெயர். டிவி கிடையாது, சினிமா கிடையாது. ஒரு பொங்கலன்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை, அது படைத்தது என்று சொல்லி, அம்மா என் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினாள். மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன். அந்தப் பொங்கலை இன்னும் மன்னிக்கவில்லை. நெய்யில் வறுத்த முந்திரி மிதந்துகொண்டு போனது.

வருகை நாளில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறை நிற்காமல் ஒரு வண்டி தடதடத்துப் போகும்போதும், என்ஜினின் ஜன்னலில் ஒரு தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். பாதி நேரம் கண்ணாடியில் வெயில் அடித்து ஒன்றும் தெரியாது. அப்போதெல்லாம் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். ஆவடிப் பக்கமிருந்து தொழிற்சாலைச் சங்கு ஊதும்போதும் அப்படித்தான். வழக்கமான நேரத்தில் ஊதினால் சங்கு. ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் எக்காளம்.

நான் ஐந்தாவது படித்தபோது ஒரு நாள் மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. திறந்த வேதப்புத்தகத்தின்மேல் அம்மாவின் மூக்குக் கண்ணாடி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஒரு புடவை, யாரோ அதற்குள்ளிருந்து உருவிக்கொண்டு போனதுபோல் சரிந்து கிடந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. தெருவில் வந்து பார்த்தேன், ஒரு ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது. நாய்கள் எடுத்துக்கொள்ளப்படாது. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

முந்தின நாள் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். ரப்பர் ஒன்று தொலைந்துபோன விஷயம். அதற்காகத்தான் என்னை விட்டுவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அப்பாவைத் தேடிப் போயிருக்கலாம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதில் எனக்குத் தெரிய ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்கு வருவார், மற்ற நாட்களில் வேலை விட்டு வரும் வழியில் திருட்டு பீடி குடிப்பார். எனக்கே தெரியும் என்றால் மேலே தெரியாமல் இருக்குமா? அப்பா எப்படியும் இங்கேதான் இருப்பார். அவரைக் கண்ணால் பார்த்தாலும் அது எந்த அத்தாட்சியும் ஆகாது. சந்தேகமே இல்லாமல் எடுத்துக்கொள்ளப்படுகிற ஒருவர் இன்னும் பூமியில் இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று என் அம்மா, இன்னொன்று பாஸ்டரின் மனைவி.

எல்லாரும் அவரைப் பாஸ்டரம்மா என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுத் தொலைபேசி எண் சபை காலண்டரின் அடியில் அச்சடித்திருக்கும். ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. எண்ணை அழுத்தினால் மணி அடிக்கும். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர்கள் குரல் நமக்குக் கேட்கும். காசைப் போட்டால்தான் நம் குரல் அவர்களுக்குக் கேட்கும். என்னிடம் காசு இல்லை. தேவையும் இல்லை. நுனிக்காலில் நின்று அழுத்தினேன்.

"ஹலோ, ஸ்தோத்திரம். யாரு பேசுதது?" என்றார் பாஸ்டரம்மா.

உயிர் போய் உயிர் வந்தது. போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா வெறுங்காலோடு இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பின் தெருவில் தண்ணி லாரி வந்திருக்கிறது, தெருவே அங்கே நின்றிருக்கிறது.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது? பேயறஞ்ச மாரி?" என்றாள். பேயைப் பற்றிப் பேசக் கூடாது என்றவள் அவள்தான்.

அதன் பிறகு எனக்கு அது பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. காலையில் பயம் குறைவு, சாயங்காலம் அதிகம். கடைக்காரர் ஒரு நாள், "இன்னா பாப்பா, டெய்லி வர, பேச மாட்டேன்ற?" என்று கேட்டார். "எங்கேஜ்" என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். பாஸ்டரம்மாவின் குரல் சில நாள் சலிப்பாக இருக்கும், சில நாள் வாயில் எதையோ மென்றுகொண்டே வரும். எனக்கு எப்படி வந்தாலும் சரி. இந்த உலகத்தில் இன்னொரு நாள் இருக்கலாம் என்று அந்த 'ஹலோ' எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு ஆராதனையில் பாஸ்டரம்மா சாட்சி சொல்ல எழுந்தார். வீட்டுக்குத் தினமும் காலையிலும் சாயங்காலமும் போன் வருகிறது, எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் இருக்கிறது என்றார். ஊழியத்தைத் தடுக்கச் சாத்தான் செய்கிற வேலை இது என்று தனக்கு வெளிப்படுத்தப்பட்டது என்றார். 'ஸ்தோத்திரம்' என்று சொன்னால் பயந்துபோய் வைத்துவிடுகிறானாம். ஹால் முழுக்க ஒரு ஓசை எழுந்தது. முன் வரிசையில் ஒருவர் ஆவி வந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேச ஆரம்பித்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார்கள். மூச்சு கேட்டது என்று அவர் சொன்னது எனக்கு இடித்தது. காசு போடாமல் என் மூச்சு எப்படிக் கேட்கும்? ஆனால் அதை யாரிடம் கேட்பது?

சாத்தானுக்கு அப்போது பத்து வயது. பாவாடை சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

போன் பிசாசுக்கு எதிராக ஏழு நாள் உபவாச ஜெபம் அறிவித்தார்கள். நானும் மத்தியானச் சோறு சாப்பிடாமல் எனக்கு எதிராகவே ஜெபித்தேன். பயமாக இருந்தது. ஆனால் அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. இவ்வளவு பெரியவர்கள், தினமும் கடவுளோடு பேசுகிறவர்கள், ஒரு பெட்டிக்கடை போனைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற யோசனை. அந்த யோசனையை அடித்துத் துரத்தினேன். போகவில்லை. பிறகு நான் எங்கெங்கோ படித்தது, வாதாடியது எல்லாம் அதற்கு மேலே அடுக்கியதுதான். அந்த ஏழு நாளில் ஹாலிலேயே அதிகமாக அழுதவள் என் அம்மா. தலையைத் தரையில் முட்டிக்கொண்டு, முகத்தை யாருக்கும் காட்டாமல் அழுதாள். பாஸ்டரம்மாமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். அடுத்த ஞாயிறு பாஸ்டரம்மா மறுபடி எழுந்தார். ஜெபம் கேட்கப்பட்டது, காலையில் வருவது நின்றுவிட்டது என்றார். சபை கைதட்டியது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். சாயங்காலம் வருவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

காலையில் கூப்பிட்டது நான். சாயங்காலம் கூப்பிட்டதும் நான். இரண்டையும் நிறுத்தியாயிற்று. அப்படியானால் சாயங்காலம் கூப்பிடுவது யார்? கேட்ட அந்த மூச்சு யாருடையது? முதலில் நான் சாத்தானாக இருந்தேன், அது தமாஷாகக்கூட இருந்தது. இப்போது உண்மையான ஒன்று, நான் பழக்கிவைத்த அதே நேரத்தில், என் இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடம் சேர்ந்தேன்.

விசுவாசம் ஒரே நாளில் போகிற சமாச்சாரம் இல்லை. ஆவடியில் கல்லூரி படித்தபோது கேள்விகள் கேட்டேன். "அதிகமாப் படிச்சா இப்டித்தான்" என்று பதில் வந்தது. இரண்டாம் வருடம் அப்பா மாரடைப்பில் போனார். அடக்க ஆராதனையில் பாஸ்டர் அவரைப் பரிசுத்தவான் என்றார். பீடியைப் பற்றி நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. அவர் மேலே போயிருப்பார் என்றால் என்னைப் பயமுறுத்திய அத்தனையும் எதற்கு என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போயிருக்க மாட்டார் என்றால் அதைவிடக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வயதில், முதல் சம்பளத்தில், பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு பாய் வைத்திருந்த நகைக்கடைக்குப் போய்க் காது குத்திக்கொண்டேன். வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சீழ் பிடித்தது.

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் என் காதைப் பார்த்தாள். "சீ வெச்சுகிது பாரு. மஞ்சள கொழச்சி வெய்யி" என்றாள். அவ்வளவுதான். சபையில் என்னைப் பின்வாங்கிப்போனவள் என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். ஆனால் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

இப்போது எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. குமணன்சாவடிப் பக்கம் ஏழாவது மாடியில் ஒரு ஃபிளாட், கம்ப்யூட்டர் வேலை. எதையும் நம்புவதில்லை. ராசிபலன்கூடப் பார்ப்பதில்லை. அம்மா அதே திருமுல்லைவாயில் வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளிடம் பட்டன் போன்தான்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்தேன். மத்தியானம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மழை விட்டிருந்த நேரம். வெளிச்சம் அழுக்கு மஞ்சளாக இருந்தது. தெருவில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்பு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, குழம்பு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. திறந்த வேதப்புத்தகத்தின்மேல் மூக்குக் கண்ணாடி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. திருடன் ஞாபகம் வரவில்லை. மயங்கி எங்காவது விழுந்திருப்பாளோ என்றுகூடத் தோன்றவில்லை. 'போய்விட்டார்கள்' என்றுதான் தோன்றியது. அவள் உடுத்தியிருந்த புடவையைத் தரையில் தேடினேன். குனிந்து, கட்டிலுக்கடியில்கூடத் தேடினேன். அந்த நேரத்தில் சங்கு ஊதியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம், எத்தனை வாதம்! எல்லாம் ஒரு கருகின குழம்புக்குத் தாங்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுச் சபைக்கு ஓடினேன். இப்போது அது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடி. வெள்ளிக்கிழமை மத்தியானம் உபவாச ஜெபம் நடக்கும், கீழே இருபது செருப்பாவது கிடக்கும். ஒன்றுகூட இல்லை. மாடிக் கதவில் பூட்டு. படிக்கட்டில், வெள்ளைப் புடவையில், வெறுங்காலோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

"வந்தியா" என்றாள். "யாருமே இல்லடி. காலைலேர்ந்து பாஸ்டரம்மா எடுக்கல. பயந்துகினு வந்து பாத்தா பூட்டு தொங்குது. எல்லாரும் மேல போய்ட்டாங்க. என்ன மட்டும் உட்டுட்டாங்க."

அறுபது வயது தாண்டியவள். என்னைவிட, பாஸ்டரைவிட, ஊரில் யாரைவிடவும் நிச்சயமாக எடுத்துக்கொள்ளப்படுவாள் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தேன். அன்று மட்டும் பாஸ்டரம்மாவுக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்திருந்தாள். முந்தின நாள் ஒரு தடவை, சாயங்காலம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒன்று. அதற்கு முன்னாலும், அதற்கு முன்னாலும். ஒவ்வொன்றும் நாலு செகண்ட், ஐந்து செகண்ட்.

"எத்தினி நாளா பண்றம்மா இத?"

"நீ சின்ன புள்ளையா இருக்கச்சேலேர்ந்து" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் பால் வாங்கப் போறச்சே, பொட்டிக்கடையில. அவங்க கொரல் கேட்டா போதும், வெச்சிருவேன்."

சில நாள் காசும் போட்டிருக்கிறாள், பேசலாம் என்று நினைத்து. பேச வாய் வரவில்லையாம். அந்த மூச்சு அவளுடையது. இருபத்தைந்து வருடம் என் கனவில் வந்த மூச்சு, ஒரு கையில் பால் தூக்கு வைத்துக்கொண்டு நின்ற என் அம்மாவுடையது. ஏழு நாள் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில் இருந்திருக்கிறோம், இரண்டு சாத்தான்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். அழுகை வந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் போனிலிருந்தே, ஸ்பீக்கரைப் போட்டு, மறுபடி அடித்தேன். ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் கைத்தாளச் சத்தம், பாட்டு. பேசத்தான் அடித்தேன். வாய் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்திலும் 'யாரு' என்று கேட்கவில்லை. "இருக்கோம்மா" என்றது பாஸ்டரம்மாவின் வயதான குரல், மெதுவாக. "எல்லாரும் இங்கனதான் இருக்கோம். குத்தம்பாக்கத்துல ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை, கூட்டத்த இங்க மாத்திட்டோம். குரூப்புல போட்டிருந்துச்சே, ஒனக்குத்தான் அந்த போன் இல்லியே. என் போன பையில போட்டு மறந்துட்டேன். பயப்படாத, என்ன? போய்ச் சாப்பிடு." வைத்துவிட்டார்.

அம்மாவின் பேர் அவர் போனில் வருகிறது. எத்தனையோ வருடமாக அவருக்குத் தெரியும். மேடையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவின் தோள் இறங்கியது. என் தோளும் இறங்கியது. வெட்கமாக இருந்தது, ஆனால் இறங்கியது.

தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். என் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தேன். பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. "காலைலேர்ந்து நானும் அடிச்சிக்கினே இருக்கேன். நீ எடுக்கல. அவ்ளோ பயந்தவ எனக்கு ஒரு போன் பண்ணா இன்னா?"

"உன் பேரு வந்துச்சு, பாத்தேன்" என்றாள் அம்மா. பால் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "நீ எப்டியும் இங்கதானடி இருப்ப. உன்கிட்ட பேசி எனுக்கு இன்னா தெரியும்?"

அப்பா இருந்த இடத்தில் இப்போது நான் இருந்தேன். ரோடு தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

அன்றைக்கு மறுநாளிலிருந்து, பாஸ்டரம்மாவிடம் கேட்டு முடித்ததும், சரியாக ஆறு மணிக்கு அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். எடுக்கக் கூடாது என்று உத்தரவு. "நான் கீறேன்னு உனுக்குத் தெரியணுமில்ல" என்றாள். "என்னிக்காவது மணி அடிக்கலன்னா என்னத் தேடிக்கினு அலையாத. கதவப் பூட்டிக்கினு ஊட்லயே இரு. தண்ணி புடிச்சு வெச்சுக்கோ."

நான் நம்பவில்லை. ஆனால் ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்துவிடுகிறேன். போன வாரம் ஆறு ஐந்து ஆகியும் அடிக்கவில்லை. ஏழாவது மாடியிலிருந்து கீழே நெடுஞ்சாலையைப் பார்த்தேன். லாரிகள், பஸ்கள், தண்ணி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு ஒன்பதுக்கு மணி அடித்தது. அவள் சொன்னபடி, நான் எடுக்கவில்லை.